காரின் மேனியில் ஒட்டிய இரும்புத்தூள்

மரச்சாமான் செய்யும் பட்டறைகளில் 'டூகோ பெயிண்ட்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். பீரோவுக்கும் கட்டிலுக்கும் அடிக்கும் வழுவழுப்பான பூச்சுக்கு அப்படி ஒரு பெயர். உண்மையில் அது அமெரிக்காவில் 1923-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஒரு கார் வண்ணத்தின் பெயர். காரின் மேல் ஒட்டிய அழுக்கை, பூச்சு கெடாமல் எடுப்பது எப்படி என்பதை அறிய வேண்டுமானால் அந்த டூகோவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொடக்க காலக் கார்கள் குதிரை வண்டிகளைப் போலவே வண்ணம் பெற்றன. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணத்தைத் தூரிகையால் பூசுவார்கள். காய்ந்ததும் நுரைக்கல் தூளால் தேய்ப்பார்கள். மறுபடியும் பூசுவார்கள். மேலே வார்னிஷ். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் மெல்ல மெல்ல வினைபுரிந்துதான் இறுகும். ஆகவே ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆயிற்று. ஃபோர்டு கம்பெனி சூளையில் சுட்டு உலர்த்தும் எனாமல்களைப் பயன்படுத்தியது. 1914 முதல் 1925 வரை அதன் 'மாடல் டி' கார்கள் கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தன.

முதல் உலகப்போர் முடிந்தபோது, புகையற்ற வெடிமருந்து செய்து வந்த டூபாண்ட் கம்பெனியிடம் நைட்ரோசெல்லுலோஸ் தயாரிக்கும் வசதி ஏராளமாக இருந்தது. அதைக் கரைத்துப் பூச்சாக்கலாம் என்பது முன்பே தெரியும். ஆனால் சிறிதளவு கரைத்தாலே கரைசல் பாகுபோல் கெட்டியாகிவிடும். நீர்க்கச் செய்தால் உலர்ந்தபின் மிஞ்சும் படலம் மெலிந்து போகும். 1920 ஜூலையில் நியூஜெர்சியின் பார்லின் ஆய்வகத்தில், திரைப்படச் சுருளுக்கான கரைசலைச் சோடியம் அசிட்டேட் சேர்த்துச் சில நாள் அப்படியே விட்டுவிட்டார்கள். வந்து பார்த்தபோது பாகு இளகியிருந்தது! அதே நீர்மைக்கு இப்போது அதிகத் திடப்பொருளைக் கரைக்க முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங் குழுவினர் டூபாண்ட் வேதியியலாருடன் சேர்ந்து இதைச் செம்மைப்படுத்தினர். கரைப்பான் ஆவியானால் போதும், பூச்சு உலர்ந்துவிடும். வாரங்கள் மணிகளாயின. 1924 மாடல் ஓக்லண்ட் கார்கள் டூகோவின் நீல நிறத்தில் வந்தன.

ஆனால் டூகோவுக்கு ஒரு குறை. தெளித்துக் காய்ந்தவுடன் அது பளபளக்காது, தேய்த்தால்தான் பளபளக்கும். வெயிலில் நிற்க நிற்க மேற்பரப்பு சிதைந்து சுண்ணாம்பு படிந்தாற்போல் வெளிறிவிடும். அப்போதும் தேய்க்க வேண்டும். நுண்ணிய உராய்தூள் கலந்த மெருகுத் திரவத்தை டூபாண்ட் கம்பெனியே விற்றது. அதைத் துணியில் தொட்டுத் தேய்த்தால், செத்த படலத்தோடு தூசும் கறையும் சேர்ந்து போய்விடும். துணியில் காரின் நிறம் ஏறும். எவ்வளவு வண்ணத்தை இழக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. கீழேயும் அதே வண்ணம் இருந்ததால் கவலையும் இல்லை.

இப்படி அழுக்கெடுப்பது என்றாலே தேய்ப்பது என்ற பழக்கம் வேரூன்றியது. இன்றும் பட்டறைகளில் 'ரப்பிங்' என்றுதான் சொல்கிறார்கள். பூச்சு மாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை என்பதுதான் தொல்லை.

1980-களில் இரட்டை அடுக்குப் பூச்சு பரவியது. அடியில் நிறம், அதன் மேல் கண்ணாடி போன்ற நிறமற்ற படலம். பளபளப்பைத் தருவதும் புற ஊதாக் கதிர்களைத் தடுப்பதும் இந்த மேற்படலமே. அதன் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள்! இதைத் தேய்த்தால் துணியில் நிறம் ஏறாது. தேய்ப்பவர் ஒன்றும் குறையவில்லை என்றே எண்ணுவார். சில ஆண்டுகளில் கூரையிலும் முன்மூடியிலும் படலம் வெளுத்து உரியும்போதுதான் உண்மை தெரியும். பிறகு மறுபூச்சைத் தவிர வேறு வழியில்லை.

இந்த நிலையில் பழைய பகை ஒன்று புதிதாக உறுத்தியது. புதுக் கார்கள் ரயிலில் ஏற்றப்பட்டு ஊர் ஊராகச் செல்லும். சக்கரமும் தண்டவாளமும் உரசும்போது நுண்ணிய இரும்புத் துகள்கள் பறந்து கார்மேல் படியும். பிரேக்கிலிருந்தும், அரவைக்கல் ஓடும் இரும்புப் பட்டறையிலிருந்தும் இதே தூள் வருகிறது. துகள் பூச்சில் குத்தி நிற்கும். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் குழி அகலும். வெள்ளைக் காரில் மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளிகள் தெரியும். சோப்பு நீருக்கு அது அசையாது. ஒரு கடுகளவுகூட இல்லாத துகளுக்காகக் காரின் மேனி முழுவதையும் தேய்ப்பதா? ஆக்சாலிக் அமிலக் கரைசலால் துருவைக் கரைத்தார்கள். பலன் உண்டு, ஆனால் அது நஞ்சு, கையுறையின்றித் தொடலாகாது.

மாற்று வழி ஜப்பானிலிருந்து வந்தது. தடாவோ கொடாட்டே என்பவர் பிசையத்தக்க பிளாஸ்டிக் பொருளில் நுண்ணிய உராய்தூளைக் கலந்து ஒரு கட்டி செய்தார். இதற்கு 1995-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 'கிளே பார்' என்பது இதுதான். பெயரில் களிமண் இருந்தாலும் பொருளில் மண் இல்லை. பூச்சின் மேல் வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்துக் கட்டியை லேசாக ஓட்டினால், வழுவழுப்பான இடத்தில் அது சறுக்கிச் செல்லும். துருத்தி நிற்கும் துகள் மட்டும் மெத்தென்ற கட்டியில் சிக்கி, பிடுங்கிக்கொண்டு வரும். உப்புத்தாள் மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்து அராவும். இதுவோ மேட்டைத் தேடிப் பிடிக்கிறது. திரவம் போதாவிட்டாலோ அழுத்தினாலோ இதுவும் கீறத்தான் செய்யும்.

ஆழப் பதிந்த துகளின் அடிப்பகுதியைக் கிளே எட்டாது. அதற்குத் தயோகிளைகாலேட் உப்புகள் கலந்த திரவம் இருக்கிறது. அழகு நிலையங்களில் தலைமயிரைச் சுருட்டப் பயன்படுவதும் இதே குடும்பத்துப் பொருள்தான். நாற்றமும் அதே நாற்றம். இரும்போடு சேர்ந்ததும் நாவற்பழச் சாறுபோல் ஊதா நிறத்தில் வழியும். இரும்பு இல்லாத இடத்தில் நிறம் மாறாது. அது காய்வதற்கு முன் நீரூற்றிக் கழுவிவிட வேண்டும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கார் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். காரை நன்றாகக் கழுவி ஈரமாக வைத்துக்கொண்டு, மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி மேற்பரப்பை மெல்லத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும். அப்படித் தெரிந்தால்தான் கிளேக்கு வேலை. அந்தக் கட்டி கைதவறித் தரையில் விழுந்தால் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள். ஒட்டிய மணல் அதில் புதைந்திருக்கும். அதனால்தான் பழகியவர்கள் கட்டியை முழுதாக எடுக்காமல் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொள்கிறார்கள்.