பூனைக் காயமும் பினாயில் பாட்டிலும்: ஒரு பழைய கதை



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் இன்பாக்ஸில் கேட்டிருந்தாள். "டீச்சர், எங்க பூனைக்குக் கால்ல சின்னக் காயம். தண்ணியில கொஞ்சம் பினாயில் கலந்து கழுவிட்டுத் துணியால கட்டிடலாமா?" கூடாதும்மா என்று உடனே பதில் போட்டேன். ஏன் கூடாது என்று சொல்ல ஆரம்பித்தால் அது பெரிய கதை. வாத்தியார் வேலையில் இருந்து ஓய்வு கிடைத்தாலும் வாய்க்கு ஓய்வு கிடையாது. அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

விலங்குக்கு வைத்தியம் பார்ப்பது நம் மண்ணில் புதிது இல்லை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் வெட்டிய இரண்டாம் பாறைக் கல்வெட்டில் மனிதருக்கும் விலங்குக்கும் தனித்தனியாகச் சிகிச்சை ஏற்பாடு செய்த செய்தி வருகிறது. அந்த ஏற்பாடு நடந்த இடங்களில் சோழர், பாண்டியர் நாடுகளும் அடக்கம். அதில் 'பசு சிகிச்சை' என்று இருப்பதைப் பார்த்து மாட்டுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே பசு என்றால் பொதுவாக விலங்கு. பிற்காலத்தில் தமிழில் மாட்டு வாகடங்கள் வந்தன. மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்து, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டும் கை எல்லா ஊரிலும் இருந்தது.

துணி அன்றும் இன்றும் ஒன்றுதான். துணிக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதுதான் 19-ஆம் நூற்றாண்டு வரை யாருக்கும் தெரியாது. ஐரோப்பாவின் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால், சீழ் பிடித்துவிடும் என்ற பயத்தில் பெரும்பாலும் காலையே வெட்டி எடுத்தார்கள். கிளாஸ்கோவில் இருந்த ஜோசப் லிஸ்டர் என்ற டாக்டர், பாஸ்டரின் ஆராய்ச்சியைப் படித்துவிட்டுக் கிருமியைக் கொல்ல ஒரு மருந்து தேடிக்கொண்டிருந்தார். வழி காட்டியது எது தெரியுமா? சாக்கடை! கார்லைல் என்ற ஊரில் சாக்கடைக் கழிவில் நாற்றம் போகக் கார்பாலிக் அமிலம் கலந்தார்கள். நாற்றம் போனதோடு, அந்தக் கழிவு பாய்ந்த புல்வெளியில் மேய்ந்த மாடுகளுக்கு வழக்கமாக வரும் ஒட்டுண்ணித் தொல்லையும் போனது. லிஸ்டர் இதைக் கேள்விப்பட்டார். 1865 ஆகஸ்ட் 12 அன்று, வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுப் பையனின் காயத்தில் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். ஆறு வாரத்தில் கால் சேர்ந்துவிட்டது. 1867-இல் 'லான்செட்' இதழில் இதையெல்லாம் விவரமாக எழுதினார்.

மாட்டிடமிருந்து மனிதனுக்கு வந்த மருந்து. சரி, இதற்கும் பூனைக்கும் என்ன?

கார்பாலிக் அமிலத்துக்கு இன்னொரு பெயர் பீனால். நம் வீட்டில் தரை கழுவும் தார் வாசனைக் கறுப்பு பினாயில் அதே குடும்பம். மனிதனின் கல்லீரல் இதை ஓரளவு மாற்றி வெளியே தள்ளிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. காயத்தில் பட்டால் தோல் வழியாக உள்ளே போகும். நக்கினால் வாய் வழியாகப் போகும். பூனை நக்காமல் இருக்குமா? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நல்லெண்ணத்தோடுதான் குட்டிப் பூனையின் புண்ணில் பினாயில் ஊற்றினார்கள். இரண்டு நாள் தாங்கவில்லை. காய்ச்சல் மாத்திரை பாராசிட்டமால் பூனைக்கு விஷமாவதும் இதே காரணத்தால்தான். வலிக்கிறதே என்று அரை மாத்திரைகூடக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்படியானால் எதைக் கொண்டு கழுவுவது? கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அரை லிட்டர், அதில் மட்டமாக ஒரு டீஸ்பூன் உப்பு. அவ்வளவே. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. பஞ்சை நேராகப் புண் மேல் வைக்காதீர்கள், இழை ஒட்டிக்கொள்ளும். முதலில் காஸ் துணி, அதன் மேல் பஞ்சு, அதற்கு மேல் கட்டு. பாதத்தில் தொடங்கி மேல் நோக்கிச் சுற்றுங்கள். நடு விரல்கள் இரண்டின் நுனி வெளியே தெரியட்டும். அவை வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம் என்று பொருள், உடனே அவிழ்த்துவிட வேண்டும். ரப்பர் பேண்ட் போடவே போடாதீர்கள். ரோமத்துக்குள் மறைந்து காலையே அறுத்துவிடும். கட்டை தினமும் மாற்றுங்கள். நனைந்தால் அப்போதே மாற்றுங்கள்.

தெருநாய் கடித்த காயம் என்றால் கட்டே வேண்டாம். பல் பட்ட ஓட்டை மேலே சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். மூடிக் கட்டினால் சீழ் வைக்கும். ரேபிஸ் பயமும் உண்டு. கையுறை போட்டுக்கொண்டு சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். ரேபிஸ் தடுப்பூசியை மனிதனுக்கு முதலில் போட்டவர் மேலே சொன்ன அதே பாஸ்டர்தான், 1885-இல்.

கட்டைக் கடித்துப் பிய்க்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'எலிசபெத்தன் காலர்' என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில், முதலாம் எலிசபெத் ராணி காலத்துச் சீமான்களும் சீமாட்டிகளும் கழுத்தைச் சுற்றி அணிந்த மடிப்புப் பட்டையை வைத்துச் சூட்டிய பெயர். வாங்க வசதி இல்லாதவர்கள் வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே ஷீட்டைக் கூம்பாகச் சுருட்டிச் செய்துகொள்ளலாம். உள் விளிம்பு முழுக்கப் பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கழுத்தை அறுக்கும்.