பள்ளிவாசல் தரையும் குத்பாவின் ஓசையும்



ஜும்ஆ முடிந்ததும் பின் ஸஃப்பில் அமரும் பெரியவர்கள் சிலர், "ஹஜ்ரத், சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்று கூறுவதுண்டு. நாம் ஒலிபெருக்கியைக் குறை கூறுகிறோம். காரணமோ பெரும்பாலும் நம் காலடியில் இருக்கிறது.

ஹிஜ்ரி 1இல் (கி.பி. 622) மதீனாவில் எழுந்த நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலுக்கு மண்ணே தரை, பேரீச்ச மட்டைகளே கூரை. ரமளான் இரவொன்றில் மழை ஒழுகி, அண்ணலார் சேற்றில் ஸஜ்தா செய்ததை அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள். பின்னர் அத்தரையில் சிறு கற்கள் பரப்பப்பட்டன. மண்ணும் மட்டையும் ஒலியை உள்வாங்கும் இயல்புடையவை.

நமது விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் தொழுகைக்கு விரித்தவை அருகிலுள்ள வந்தவாசியில் நெய்யப்படும் கோரைப் பாய்கள் போன்றவையே. மெல்லிய பாய் ஒலியைச் சிறிதளவே உறிஞ்சும். எனினும் ஓட்டுக் கூரையும் திறந்த தாழ்வாரமும் எஞ்சிய ஒலியை வெளியே விட்டன. செஞ்சிக் கோட்டையில் 1717-18இல் எழுந்த ஸஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசலின் வளைவு வாயில்களுக்கும் அப்பயன் உண்டு. இன்றோ கீழே கிரானைட்டும் டைல்ஸும், மேலே கான்கிரீட், பக்கத்தில் மூடிய கண்ணாடி ஜன்னல். ஒலி வெளியேற வழியின்றிச் சுற்றிச் சுற்றி வருகிறது. முந்திய சொல் மறையுமுன் அடுத்த சொல் அதன்மேல் விழுகிறது.

இதனை முதலில் அளந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் வாலஸ் ஸபைன். 1895இல் ஹார்வர்டின் புதிய விரிவுரைக் கூடமொன்றில் பேச்சொலி சுமார் 5½ விநாடி நீடித்தது. இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போடப் போட அந்நேரம் குறைந்தது. திறந்த ஜன்னலையே அவர் அளவுகோலாகக் கொண்டார். அக்கணக்கில் 100 சதுர மீட்டர் பளிங்குத் தரை, சுமார் 1 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்கே சமம். கனத்த கம்பளமோ சுமார் 30 சதுர மீட்டருக்குச் சமம். மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுவதால்தான், ஃபஜ்ரில் முழங்கும் கூடம் ஜும்ஆவில் சற்று அடங்குகிறது.

ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் உடன் கூடும். ஆகவே பெரிய பெட்டி வாங்குமுன் அடிவிரிப்புடன் கம்பளம் விரிப்போம். கம்பளம் கனத்த ஓசையை அதிகம் உறிஞ்சாது என்பதால், பின்சுவரில் தடித்த திரையும், பின் ஸஃப்புகளுக்கு அருகே சிறு பெட்டிகளும் அமைப்போம். மிம்பரில் நிற்கும் நானும் நிறுத்திப் பேசுவேன்.

செவிமடுப்பது கடமையாயின், செவிக்கு எட்டச் செய்வது நம் பொறுப்பல்லவா? வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.