மக்கள் பாதுகாப்பு யாருடைய பொறுப்பு? குறிஞ்சாக்கேணி முதல் திருமலைத் துறைமுகம் வரை

2021 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை. காலையில், பாடசாலை நேரத்தில், கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்தது. புதிய பாலத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்ததால் வழமையான பாதை மூடப்பட்டிருந்தது. சுற்றிப் போகும் தூரத்தையும் செலவையும் தாங்க முடியாதவர்கள் அந்தப் படகில் ஏறினார்கள். அவர்களில் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அன்றே ஆறு பேர் வபாத்தானார்கள். வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுவந்தவர்களிலும் பின்னர் இழப்பு ஏற்பட்டது.

அன்று ஊர் கொதித்தது. வீதியில் டயர்கள் எரிந்தன. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வீடு தாக்கப்பட்டது. 'படகுக்கு அனுமதி கொடுத்தது யார்?' என்ற ஒரே கேள்விதான் எல்லோர் வாயிலும் இருந்தது. அரசாங்கத் தரப்பு நகர சபையைக் காட்டியது. நகர சபையின் அன்றைய தவிசாளரும் படகை நடத்தியவர்களும் கைதானார்கள். மாற்றுப் பாதை ஒழுங்கில்லாமல் பாலத்தை மூடியவர்கள் யார் என்று ஊரார் திருப்பிக் கேட்டார்கள். வழக்கின் நியாய அநியாயத்தை நீதிமன்றம் பார்க்கட்டும். அந்த ஒரே கேள்வி ஜனாஸாக்களுக்குப் பிறகுதான் உரத்துக் கேட்கப்பட்டது என்பதுதான் என் மனதில் தங்கிவிட்டது. படகு ஓடத் தொடங்கிய நாளில் அதைக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கியிருந்தால், பாதிப் பாதுகாப்பு அன்றே கிடைத்திருக்கும்.

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். விபத்து நடந்து சில நாட்களுக்குள்ளேயே கடற்படையினர் அதே இடத்தில் பயணிகள் சேவையைத் தொடங்கினார்கள். படகு இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், உயிர்காப்பு அங்கி இருந்தது. மூன்றும் திருகோணமலையில் முன்பும் இருந்தவைதான். ஆகவே வசதி இல்லாததால்தான் பிள்ளைகள் போனார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 'இது என் வேலை' என்று முன்கூட்டியே சொல்ல ஒரு காரியாலயம் இல்லை. அவ்வளவுதான்.

ஒரு நகரத்தின் தலைமைத்துவம் திறமையானதா என்று அளக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுவே. கொங்கிரீட் வீதி எத்தனை கிலோமீற்றர், எத்தனை பேருக்கு வேலை எடுத்துக் கொடுத்தார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருபவை. ஊரில் உயிராபத்து உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர் உண்டா? 'இத்தனை பேருக்கு மேல் ஏற்றக் கூடாது, இந்த அளவு நீர் வந்தால் மூட வேண்டும்' என்று ஓர் எல்லை உண்டா? எல்லை மீறினால் நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் உண்டா?

இது மேற்கத்தேயப் பாடப்புத்தகத்திலிருந்து இரவல் வாங்கிய சிந்தனை என்று நினைப்பவர்கள் இமாம் மாவர்தியைப் பார்க்கலாம். ஹிஜ்ரி 450இல், அதாவது கி.பி. 1058இல் வபாத்தான அவர், பக்தாதில் ஆட்சி நிர்வாகச் சட்டங்களைப் பற்றி எழுதிய 'அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா' என்ற நூலில் முஹ்தஸிப் என்ற அதிகாரியின் கடமைகளை விபரிக்கிறார். முஹ்தஸிப் என்றவுடன் சந்தையில் தராசு பார்ப்பவர்தான் எம் நினைவுக்கு வருவார். அவருடைய கடமைகளில் படகு விடயமும் வருகிறது. தாங்காத பாரத்தை ஏற்றவிடாமல் படகுக்காரர்களைத் தடுக்க வேண்டும். கடும் காற்று வீசும்போது புறப்படவும் விடக்கூடாது. ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் டைகிரிஸ் நதிக்கரை நகரமொன்றில் இந்தப் பொறுப்பு ஓர் அதிகாரியின் பெயரில் இருந்திருக்கிறது. கவனியுங்கள், படகு கவிழ்ந்த பிறகு விசாரிப்பதைப் பற்றி அங்கே பேச்சில்லை. துறையிலேயே நின்று தடுப்பதுதான் வேலை.

'கதர்' என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வது ஈமானில் உள்ளது. நீரில் மூழ்கி மரணித்தவருக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டு என்பதும் ஹதீஸில் வந்ததே. பெற்றோருக்கு அது ஆறுதல். அதே வார்த்தையை ஓர் அதிகாரி தன் மேசைக்குக் கேடயமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொருவரும் தன் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற ஹதீஸும் அதே நபிவாக்குகளில்தான் இருக்கிறது.

சரி, எமது ஊர்களில் எது யாருடைய பொறுப்பு? இது பலருக்கும் தெரிவதில்லை. ஏ.எல். பிள்ளைகளிடம் கேட்டால் ஜனாதிபதியின் அதிகாரங்களை வரிசையாகச் சொல்வார்கள். தங்கள் தெருவின் வடிகான் யாருடையது என்று தெரியாது. பெற்றோரும் அப்படித்தான்.

குப்பை, வடிகான், தெருவிளக்கு, சந்தை, உள்ளூர் வீதிகள், கட்டட அனுமதி ஆகியவை மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளிடம் உள்ளன. பெரிய வீதிகளும் பாலங்களும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கோ மாகாண வீதித் திணைக்களத்துக்கோ உரியவை. பொலிஸ் கொழும்பின் கீழ். டெங்கு பரிசோதனை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வேலை. அனர்த்தம் வந்தால் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அனர்த்த முகாமைத்துவ நிலையம், அதன் மாவட்டப் பிரிவு, அரசாங்க அதிபர், பிரதேச செயலாளர், கிராம உத்தியோகத்தர் என்று ஒரு சங்கிலி இயங்கும். வாக்குக் கேட்டு வந்த தவிசாளரின் கையில் இவற்றில் ஒரு சிறு பங்குதான் இருக்கிறது. ஆனால் மக்கள் தேடிப்போகும் முதல் வாசல் அவருடையது.

அதிகாரம் இப்படிச் சிதறிக் கிடப்பதால் தலைமைத்துவம் என்பது பெரும்பாலும் சிதறியவற்றை ஒரு மேசைக்குக் கொண்டுவரும் வேலையாகிறது. 2017 மார்ச்சில் கிண்ணியாவை டெங்கு உலுக்கியபோது இதைக் கண்டோம். வைத்தியசாலையில் கட்டில் போதவில்லை, பாடசாலைகள் தற்காலிகமாக மூடப்பட்டன, உயிர்கள் போயின. நாடு முழுவதும் அந்த ஆண்டில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள்; மரணங்கள் 400ஐத் தாண்டின. நோயாளியைப் பார்ப்பது வைத்தியசாலை, நுளம்புக் குடம்பியைத் தேடுவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குப்பையை அள்ளுவது சபை, வளவைத் துப்புரவு செய்வது வீட்டுக்காரர். நால்வரில் ஒருவர் தவறினாலும் மற்ற மூவரின் உழைப்பும் வீண். டெங்கு நுளம்பின் முட்டை ஈரமில்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த மழையின் முதல் தண்ணீரில் பொரிக்கும். ஆகவே மாரிக்கு முன், வெயில் காலத்தில், சிரட்டையும் டயரும் பொறுக்கப்பட வேண்டும். வெயில் காலத்தில் டெங்குக் கூட்டம் நடத்தும் தவிசாளரை யாரும் படம் பிடித்து முகநூலில் போடுவதில்லை. புகை அடிக்கும் இயந்திரத்தோடு நிற்பவரைத்தான் போடுவார்கள்.

அந்த மேசையே இல்லாமல் போன காலமும் உண்டு. 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச் 19இல் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு வருடங்களுக்கு மேல் செயலாளர்களும் ஆணையாளர்களும் ஊர்களை நடத்தினார்கள். கிழக்கு மாகாண சபையின் காலமோ 2017 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பின் தேர்தல் இல்லை. ஆக 2023இலிருந்து 2025 வரை எமது வீதிக்கும் குப்பைக்கும் சுகாதாரத்துக்கும் பதில் சொல்ல, மாகாண மட்டத்திலும் ஊர் மட்டத்திலும் நாம் தெரிவு செய்த ஒருவர்கூட இருக்கவில்லை. செயலாளர்களில் நேர்மையாக உழைத்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு செயலாளரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்ப எம்மால் முடியாது. குறிஞ்சாக்கேணிப் பாலமும் இதற்குள் அகப்பட்டது. பொருளாதார நெருக்கடியோடு வேலை முடங்க, பிள்ளைகளின் நினைவுநாட்கள் பாலமில்லாமலே கழிந்தன.

துறைமுகத்துக்கு வருவோம். திருகோணமலை நகரம் இப்போது மாநகர சபை. பெயர் உயர்ந்திருக்கிறது. ஆனால் துறைமுகம் துறைமுக அதிகார சபைக்கு உரியது, கப்பற்றளம் கடற்படைக்கு, சீனக்குடா விமானத் தளம் விமானப்படைக்கு. எந்த மேயரின் அதிகாரமும் அந்த வாசல்களோடு நின்றுவிடும். சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் உள்ளன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அங்கே ஒரு தாங்கி எரிந்தது. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி.யிடமும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இருவரின் கூட்டு நிறுவனத்திடமும் பிரிந்திருக்கின்றன. அபிவிருத்தி வரட்டும், எம் பிள்ளைகளுக்குத் தொழில் கிடைக்கட்டும். அதோடு, அங்கே தீப்பிடித்தால் சுற்றியுள்ள வீடுகளும் பாடசாலைகளும் எந்த வீதியால் எங்கே போக வேண்டும், யார் சொல்வார், எந்த ஒலியைக் கேட்டு ஓட வேண்டும் என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மக்கள் கையில் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது உள்ளூர்த் தலைவர்களின் வேலை. வாசலுக்கு உள்ளே அதிகாரம் இல்லை என்பது வாசலுக்கு வெளியே உள்ளவர்களைப் பற்றிக் கேட்கத் தடையாகாது.

பெய்ரூத் இதற்குப் பாடம். 2020 ஓகஸ்ட் 4இல் அங்குள்ள துறைமுகக் களஞ்சியத்தில் வெடித்த 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று அங்கே இரகசியமாக இருக்கவில்லை. 2014 முதல் அது அங்கே கிடப்பதைச் சுங்கம் அறிந்திருந்தது, நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியது. மேலும் பல காரியாலயங்களுக்கும் தெரிந்திருந்தது. கடிதங்கள் ஓடின, மூட்டைகள் நகரவில்லை. 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், நகரத்தின் ஒரு பகுதியே சிதைந்தது. குறிஞ்சாக்கேணிக்கும் பெய்ரூத்துக்கும் அளவில் ஒப்பீடே இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து, எவருக்கும் உரித்தில்லாத ஆபத்தாகக் கிடந்தது என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

வெள்ளம் பற்றிச் சுருக்கமாக. மகாவலி கொட்டியாரக்குடாவில் கடலோடு சேர்வதால் மலைநாட்டு மழை எமக்கும் வந்தே தீரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மாவிலாற்றுக் கட்டு உடைந்தபோது மூதூர், சேருவில பக்கம் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. மேலே பெய்யும் மழைக்கும் கீழே ஏறும் நீருக்கும் இடையே கிடைக்கும் மணித்தியாலங்களைப் பயன்படுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த இடத்தில் எமது பள்ளிவாசல்கள் செய்யக்கூடியது பெரிது. கிராம உத்தியோகத்தரிடமிருந்து செய்தி வந்தால் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் பொறுப்பு யாருக்கு, மின்சாரம் போனால் என்ன வழி, மஹல்லாவில் தனியாக வாழும் வயோதிபர்களும் நடக்க முடியாதவர்களும் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். பாடசாலைகளிலும் பிள்ளை எந்த வழியாக, எந்த நீரைக் கடந்து வருகிறது என்ற பதிவு இருந்தால் ஆபத்தான நாளில் அதிபர் யாரை வரவேண்டாம் என்று சொல்வதென்று அறிவார். செலவு ஒரு கொப்பியும் பேனையும். அவசர இலக்கங்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.

இனி எம் பக்கம். தேர்தல் வந்தால் நாம் வேட்பாளரிடம் கேட்பது என்ன? எந்தக் கட்சி, எந்த வட்டாரம், யாருடைய குடும்பம், எங்கள் பக்க வீதிக்குக் கல் போடுவாரா. இவற்றைக் கேட்கக் கூடாது என்று சொல்ல நான் யார்? அவற்றோடு இன்னும் ஒன்றைக் கேட்கலாம்: 'எமது வட்டாரத்தில் அடுத்த உயிரை எடுக்கக்கூடிய இடம் எது, அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?' பதில் தடுமாறினால் அவர் வட்டாரத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

தேர்தல் வரை காத்திருக்கவும் தேவையில்லை. சபைக் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் போகலாம், பார்வையாளராக அமரலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் சபையிடமோ திணைக்களத்திடமோ ஆவணம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊரில் ஒரு படகுத்துறை இருந்தால் இப்படிக் கேளுங்கள்: இந்தச் சேவைக்கு அனுமதி வழங்கிய நிறுவனம் எது, அனுமதிக் கடிதத்தின் பிரதி, ஒரு தடவையில் ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை, கடைசியாகப் பரிசோதித்த திகதி, பரிசோதித்தவரின் பதவி. பாலம் கட்டும் இடமென்றால் மாற்றுப் பாதை ஒழுங்கு எது, வேலை முடிய வேண்டிய திகதி எது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். அச்சடித்த படிவம் கிடைக்காவிட்டால் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் செல்லும். கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.