இரட்டையாட்சியில் அமைச்சர் பொறுப்பு: சென்னை மாகாணம்

அமைச்சர் சட்டமன்றத்திற்குப் பொறுப்புடையர் என்னும் கோட்பாடு நம் நாட்டில் ஒரு நாளில் நிலைபெற்றதன்று. அதன் முதற்படியை 1919-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் வகுத்த இரட்டையாட்சியிற் காண்கிறோம். கல்வி, பொதுச் சுகாதாரம், தலத்தாட்சி முதலிய மாற்றப்பட்ட துறைகள் அமைச்சரிடமும், நிலவரி, காவல், நீதி முதலிய ஒதுக்கப்பட்ட துறைகள் ஆளுநரின் நிருவாகக் குழுவினரிடமும் இருந்தன.

இவ்வமைச்சர் யாருக்குப் பொறுப்புடையர்? சட்டத்தின்படி அவரை அமர்த்துபவரும் நீக்குபவரும் ஆளுநரே. மன்றத்தின் கையில் இருந்த கருவிகள் இரண்டு. ஒன்று, அமைச்சரின் ஊதியத்தைக் குறைக்கும் உரிமை. மற்றொன்று, நம்பிக்கையில்லாத் தீர்மானம். முன்னதன் ஆற்றலை 1924-இல் பிற மாகாணங்கள் காட்டின. மத்திய மாகாண மன்றம் அமைச்சர் ஊதியத்தை ஆண்டுக்கு 2 ரூபாயாகக் குறைத்தது. வங்காள மன்றம் அதனை அறவே மறுத்தது.

பின்னதனைச் சென்னை மன்றம் கையாண்டது. 1923 நவம்பரில் பனகல் அரசரின் அமைச்சரவை மீது சி. ஆர். ரெட்டி கொணர்ந்த தீர்மானத்தை 44 பேர் ஆதரித்தனர். 65 பேர் எதிர்த்தனர். தீர்மானம் வீழ்ந்ததாயினும், அமைச்சர் தம் செயலுக்கு மன்றத்தில் விடையிறுக்க வேண்டும் என்னும் வழக்கு அதனால் வலுப்பெற்றது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. அம்மன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 98 பேரே. அரசு நியமித்தோர்க்கும் அதிகாரிகளுக்கும் வாக்குரிமை இருந்தது. எனவே, மன்றத்தின் நம்பிக்கை என்பது மக்கள் சார்பாளரின் நம்பிக்கை மட்டுமே ஆகாது.

கூட்டுப் பொறுப்பின்மை 1928-இல் தெளிவாயிற்று. சைமன் குழு பற்றிய கருத்து வேறுபாட்டால் அரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் பதவி விலகினர். முதலமைச்சர் சுப்பராயன் பதவியில் தொடர்ந்தார். ஆளுநர் வேறிருவரை அமர்த்த, அமைச்சரவை தொடர்ந்தது. அமைச்சர் ஒருங்கே நின்று ஒருங்கே வீழும் நெறி அன்று வேரூன்றவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

1935-ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியை நீக்கியது. 1937-இல் அமைந்த சென்னைச் சட்டப்பேரவையின் 215 உறுப்பினரும் தேர்தலால் வந்தோராவர். ஆயினும் ஆளுநரின் தனிப்பொறுப்புகள் நீடித்தன. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 164-ஆம் உறுப்பு, மாநில அமைச்சரவை சட்டப்பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என வெளிப்படையாக விதித்தது.

அமைச்சரை வினவும் உரிமை மட்டும் பொறுப்பாட்சி ஆகாது. அவரை நீக்கும் ஆற்றல் மக்கள் தேர்ந்தோரிடம் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் உண்மையாகும்.