சம்பள ஏடும் வம்ச ஏடும்: பிரெஞ்சிந்தியச் சிப்பாயின் தடம்

புதுவைக்கு வடமேற்கே, வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டில் ஒரு குடும்பத்தார், தங்கள் முன்னோரில் ஒருவர் சிப்பாய் உத்தியோகம் பார்த்தவர் என்று வழிவழியாகச் சொல்லி வருவாராயின், அவ்வாய்மொழியை மெய்ப்பிக்க முற்படும் ஆராய்ச்சியாளர், அவர் எந்த யுத்தத்தில் நின்றார் என்று வினவுமுன், அவருக்குச் சம்பளம் யார் கையிலிருந்து வந்தது என்று வினவுதல் நலம். அந்தக் கை மாறமாறவே சிப்பாயின் பெயர் சரித்திரத்தில் மறைந்தும் வெளிப்பட்டும் வந்திருக்கிறது.

1735 முதல் 1741 வரை புதுவையில் கவர்னராயிருந்த துய்மா, மராட்டியர் பயத்தை முன்னிட்டுச் சுதேசிகளுக்கு ஐரோப்பிய முறையில் ஆயுதப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். பின்வந்த துய்ப்ளேக்ஸ், மாஹேயிலிருந்து ஆள் தருவித்து அப்படையைப் பெருக்கினார். 1746 அக்டோபர் 24 அன்று அடையாற்றங்கரையில், ஏறத்தாழ 230 ஐரோப்பியரும் 700 சிப்பாய்களும் கொண்ட பிரெஞ்சுத் தளபதி பரதியின் சிறுபடை, ஆர்க்காட்டு நவாபின் மைந்தர் மாபூஸ்கானின் பதினாயிரம்பேர் சேனையைச் சிதறடித்ததை எல்லாச் சரித்திரக்காரரும் வியந்து எழுதியிருக்கின்றனர். ஆயினும் அந்த எழுநூற்றுவர் யாவர்? துய்ப்ளேக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரியில் அப்துல் ரகுமான் முதலிய தலைவர்களின் பெயர்கள் வருகின்றன. அவர்களுக்குக் கீழ் நின்றவர்கள் எண்ணிக்கையாகவே வருகின்றனர். சம்பளம் தலைவன் கையில் மொத்தமாகக் கொடுக்கப்பட்டு அவன்மூலம் பங்கிடப்பட்ட வழக்கத்தில், தலைகளை எண்ணுவதற்கு மேல் பிரெஞ்சுக் கும்பினிக் கணக்கருக்கு அவசியம் நேரவில்லை. அக்காலத்துச் சிப்பாயைத் தம் முன்னோரென்று ஒருவர் சாதித்தால், அதை மறுக்கவும் ஆதாரம் கிட்டாது, நிறுவவும் கிட்டாது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மாத்திரம் இங்கே ஒரு சலுகை உண்டு. குடியேற்றங்களின் மாதாகோயிற் பதிவேடுகளுக்குப் பிரதியெடுத்து வெர்சேலுக்கு அனுப்ப வேண்டுமென்று பதினாறாம் லூயி 1776-இல் பிறப்பித்த சாசனத்தின் பயனாக, ஞானஸ்நான, விவாக, மரணப் பதிவுகள் கடல் கடந்து உயிர் பிழைத்தன. 1761-இல் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கியதையும், 1778-இலும் 1793-இலும் நகரம் மீண்டும் மீண்டும் கைமாறியதையும் நினைத்தால், கடல் கடந்த அந்தக் காகிதங்களின் அருமை புலப்படும். கிராமத்து இந்துவோ மாதாகோயிற் பதிவேட்டில் இடம்பெறார்.

1814-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை, திரும்பப்பெறும் இந்திய ஊர்களில் கோட்டை கட்டலாகாது என்றும், ஊர்க்காவலுக்கு வேண்டிய அளவுக்குமேல் படை வைத்தலாகாது என்றும் பிரான்சைக் கட்டுப்படுத்திற்று. அதற்குப் பிந்திய சிப்பாய், போர்வீரர் என்பதினும் ஊர்க்காவற் படையினர் என்றே கொள்ளத் தக்கவர். வம்சக் கதைகளில் வரும் பீரங்கிகளையும் கோட்டைச் சுவர்களையும் அவர்மீது ஏற்றுவது பொருந்தாது. இப்படிச் சொன்னால் சில குடும்பங்களுக்கு மனக்கசப்பு உண்டாகலாம். உண்மைக்கு அது குறைவன்று.

தனிமனிதன் ஏட்டில் தெளிவாக எழுந்து நிற்பது 1881 செப்டம்பர் 21-ஆம் தேதிய ஆணைக்குப் பின்னரே. தம் மரபுச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு உட்பட விரும்பியோர், தமக்கும் தம் சந்ததியார்க்கும் நிரந்தரமான குடும்பப்பெயர் ஒன்றைத் தெரிவித்துப் பதிவு செய்துகொள்ள அது வழிவகுத்தது. ஒரே பெயர் பாட்டனுக்கும் பேரனுக்கும் மாறிமாறி வரும் நம் குடும்பங்களில், இந்த மாறாப்பெயர் தேடுவோர்க்குப் பெருந்துணை. ரெனோன்சான் எனப்பட்ட இவர்களிற் பலர் கொச்சின்சீனாவில் உத்தியோகம் ஏற்றனர். முதல் உலகப்போரில் புதுவையார் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஐரோப்பா சென்றனர். அக்காலப் படைப்பதிவேடு, பிறந்த இடம், பெற்றோர் பெயர், அங்க அடையாளம் ஆகியவற்றையும் சொல்லும். புதுவையில் இன்றும் 'சொல்தா' குடும்பங்கள் பென்ஷன் புத்தகங்களைப் பத்திரமாக வைத்திருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன்; ஆராய்ச்சி அப்புத்தகத்திலிருந்தே தொடங்கிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளின் பிரதிகள் ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்துக் கடல்கடந்த ஆவணக்காப்பகத்திலும், படைவீரர் தொடர்பான தஸ்தாவேஜுகள் வேன்சேனிலும், பிரெஞ்சாட்சிக் காகிதங்களிற் பல புதுவையிலுள்ள தேசிய ஆவணக்காப்பகக் கிளையிலும் உள்ளன.

சேதராப்பட்டாருக்கு மேலும் ஓர் எச்சரிக்கை தேவை. அவ்வட்டாரத்தில் பிரெஞ்சு நிலமும் ஆங்கிலத் தென்னார்க்காடு ஜில்லாவும் வயலுக்கு வயல் பின்னிக் கிடந்தன. ஒருவர் வரப்பைத் தாண்டி நடந்து சென்னைப் படையில் சேர்ந்திருக்கவும் கூடும். வாய்மொழியோ 'கும்பினிச் சிப்பாய்' என்று மட்டும் கூறி, எந்தக் கும்பினி என்று விளக்காது. ஆகவே புதுவை ஏடுகளில் பெயர் அகப்படாதபோது, குடும்பக் கதை பொய் என்று தள்ளிவிடாமல், லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள சென்னைப் படைக் காகிதங்களையும் பார்த்துவிடுதல் முறையாகும்.