நம் தொகுதி எனும் சொல்: இராமநாதபுரம் பாராளுமன்றத் தேர்தல்கள், 1952 – 2024



2019, 2024 ஆகிய இரு பொதுத் தேர்தல்களுக்குப் பின்னர், நமது கடற்கரை ஊர்களில் "இராமநாதபுரம் நம்முடைய தொகுதி" என்னும் பேச்சு இயல்பாகிவிட்டது. அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமரும் இளைஞர்கள், இதனைப் பாட்டன் வழிச் சொத்தைப் போலவே குறிப்பிடுகின்றனர். அவர்களுடைய மகிழ்ச்சியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் வரலாற்றுப் பதிவேடு வேறு விதமாகப் பேசுகின்றது. 1952 தொடங்கி 2024 முடிய இத்தொகுதி கண்ட பொதுத் தேர்தல்கள் 18. அவற்றுள் முஸ்லிம் ஒருவர் வென்றவை நான்கு மட்டுமே: 1967, 2014, 2019, 2024. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே 47 ஆண்டுகள் கழிந்துள்ளன.

மற்றொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தொண்டிக் கரையைச் சேர்ந்த நமக்கு இத்தொகுதியில் வாக்குச் சீட்டே நெடுங்காலம் இருந்ததில்லை. 1977 முதல் 2004 வரை திருவாடானை சட்டமன்றத் தொகுதி, சிவகங்கைப் பாராளுமன்றத் தொகுதியில் அடங்கியிருந்தது. இன்று ஐம்பது வயதைக் கடந்தவர்கள், தம் முதல் பாராளுமன்ற வாக்கினைச் சிவகங்கைக்கே அளித்தோம் என்பதை நினைவுகூர்வர்.

வெள்ளையர் ஆட்சியில், 1909ஆம் ஆண்டின் சட்டம் முதலாக, முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி முறை இருந்து வந்தது. முஸ்லிம் உறுப்பினரை முஸ்லிம் வாக்காளர்களே தேர்ந்தெடுப்பர். விடுதலைக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் அம்முறை நீடிக்க வேண்டுமென வாதிட்டார்கள். சபை அதனை ஏற்கவில்லை. 1949இல் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடும் கைவிடப்பட்டது. எனவே 1952 தேர்தல், எல்லாரும் ஒரே பட்டியலில் நின்று வாக்கிட்ட தேர்தலாயிற்று. அன்று தொட்டு, பிறர் வாக்கின்றி நம்மவர் எவரும் இங்கு வெல்ல இயலாது என்பது விதியாயிற்று. இவ்விதியை மறந்தால் இத்தொகுதியின் வரலாறு விளங்காது.

முதல் மூன்று தேர்தல்களிலும் காங்கிரஸே வென்றது. 1952இல் நாகப்பச் செட்டியார், 1957இல் சுப்பையா அம்பலம், 1962இல் அருணாசலம் ஆகியோர் டில்லி சென்றனர். 1957ஆம் ஆண்டு இம்மாவட்டத்திற்குத் துயர ஆண்டாகும். அவ்வாண்டு முதுகுளத்தூர் சட்டமன்ற இடைத்தேர்தலைத் தொடர்ந்து சாதிக் கலவரம் மூண்டது. செப்டம்பர் 11 அன்று இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார். அதன் வடு பின்வந்த ஒவ்வொரு தேர்தலிலும் உள்நாட்டுக் கிராமங்களில் உணரப்பட்டது. கடற்கரை ஊர்களில் அமர்ந்து கணக்குப் போடுவோர் இதனைக் கருதுவதே இல்லை.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகள் இரயிலே கடலுக்கு இரையானது. அவ்வூர் மக்கள் வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்தது. அடுத்த பொதுத் தேர்தல் வந்தபோது, முன்பு அங்கே வாக்களித்தவர்கள் ஊரற்றவர்களாய்ப் பிற இடங்களில் குடியேறியிருந்தனர்.

அந்த அடுத்த தேர்தல்தான் 1967. இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் காங்கிரஸ் ஆட்சியை உலுக்கியிருந்த வேளை அது. பேரறிஞர் அண்ணா அமைத்த கூட்டணியில் சுதந்திரா கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி ஆகியவற்றுடன் முஸ்லிம் லீகும் இடம்பெற்றது. இராமநாதபுரத்தில் லீகைச் சேர்ந்த மர்ஹூம் எஸ்.எம். முஹம்மது ஷெரீப் சாஹிப் அவர்கள் நின்று வென்றார்கள். அன்றைய சென்னை மாநிலத்தின் 39 இடங்களில் தி.மு.க. 25, சுதந்திரா 6, மார்க்சிஸ்ட் 4, காங்கிரஸ் 3, சுயேச்சை 1 எனத் தேர்தல் பதிவேடு கூறுகின்றது. அந்த ஒரே "சுயேச்சை" ஷெரீப் சாஹிப்தான்! மாநிலத்தின் ஆட்சியையே மாற்றிய அணியின் வேட்பாளராக நின்று வென்றவரைப் பதிவேடு தனி மனிதராகக் காட்டுகின்றது. அட்டவணையை மட்டும் பார்த்து வரலாறு எழுதுவோர் ஏமாறும் இடம் இது.

1971 தேர்தலில் நிகழ்ந்ததே இவ்வரலாற்றில் மிகவும் கவனிக்கத்தக்கது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அப்போது தி.மு.க., இந்திரா காந்தியின் காங்கிரஸ், இந்தியக் கம்யூனிஸ்ட், பார்வர்டு பிளாக், முஸ்லிம் லீக் ஆகியவை ஓரணியில் நின்றன. இடப் பங்கீட்டில் இராமநாதபுரம் பார்வர்டு பிளாக்கிற்குச் சென்றது. வென்ற உறுப்பினர் இருந்த தொகுதியை விட்டுக் கொடுப்பது எளிதன்று. ஆயினும் ஷெரீப் சாஹிப் பெரியகுளத்திற்குச் சென்றார். உசிலம்பட்டியில் பலமுறை சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பி.கே. மூக்கையாத் தேவர் இராமநாதபுரத்திற்கு வந்தார். இருவரும் வென்றனர். கடற்கரை முஸ்லிம்கள் சேர்ந்திருந்த அணி இங்கே தேவருக்காக நின்றது. தேவரின் கட்சி சேர்ந்திருந்த அணி அங்கே சாஹிபுக்காக நின்றது. "நம் தொகுதி" என்று அன்று எவரேனும் பிடிவாதம் பிடித்திருந்தால் இவ்விரு வெற்றிகளும் கிட்டியிருக்குமோ என்பது ஐயமே.

இப்பரிமாற்றத்தின் பயனை மூன்றாண்டுகளில் மாவட்டம் கண்டது. 1974 ஜூன் மாத இறுதியில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையால், 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு இலங்கையின் எல்லைக்குள் சென்றது. ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தபோது, தி.மு.க.வின் இரா. செழியன் அவர்களுடன் எதிர்ப்பைப் பதிவு செய்தவர்களில் மூக்கையாத் தேவரும் ஷெரீப் சாஹிபும் இருந்தனர். ஒருவர் இத்தொகுதியின் உறுப்பினர். மற்றவர் இத்தொகுதியின் முன்னாள் உறுப்பினர். 1967ஐ மட்டும் நினைவில் வைத்திருக்கும் நம்மவர், 1974 ஜூலையில் ஒலித்த இவ்விரு குரல்களையும் சேர்த்து நினைப்பதில்லை என்பது வருத்தத்திற்குரியது. உடன்படிக்கையில் இந்திய மீனவரும் அந்தோணியார் கோயில் யாத்திரிகரும் தீவிற்குச் சென்றுவர இடமளிக்கப்பட்டிருந்தது. 1976 மார்ச்சில் பரிமாறப்பட்ட கடிதங்களோ, ஒரு நாட்டின் மீனவர் மற்ற நாட்டின் கடற்பரப்பில் மீன்பிடிப்பதைத் தடுத்துவிட்டன. அதன் பின்னர் இத்தொகுதியில் கச்சத்தீவு பேசப்படாத தேர்தல் இல்லை.

அடுத்த முப்பது ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். மாநிலத்தில் வீசிய காற்றே இங்கும் வீசியது. 1977இல் அ.தி.மு.க.வின் பி. அன்பழகன், 1980இல் தி.மு.க.வின் எம்.எஸ்.கே. சத்தியேந்திரன், 1984, 1989, 1991 ஆகிய மூன்று முறை காங்கிரஸின் வி. இராஜேஸ்வரன், 1996இல் த.மா.கா.வின் எஸ்.பி. உடையப்பன் ஆகியோர் வென்றனர். 1998இல் அ.தி.மு.க. பாரதீய ஜனதாவுடன் சேர்ந்து நின்று, வி. சத்தியமூர்த்தி வென்றார், மறு ஆண்டே அக்கட்சி காங்கிரஸுடன் சேர்ந்து நின்று, ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி கே. மலைச்சாமி வென்றார். எதிரெதிரான இரு கூட்டணிகளையும் ஒரே தொகுதி ஓராண்டு இடைவெளியில் ஏற்றுக்கொண்டது! 2004இல் தி.மு.க. அணி தமிழகத்தின் 39 இடங்களையும் வென்றபோது பவானி இராஜேந்திரன் அம்மையார் இங்கிருந்து சென்றார்.

இக்காலமெல்லாம் தொகுதியின் வடிவம் எவ்வாறிருந்தது? இராமநாதபுரம், கடலாடி, முதுகுளத்தூர், பரமக்குடி ஆகியவற்றுடன் மானாமதுரையும் அருப்புக்கோட்டையும் சேர்ந்திருந்தன. அதாவது, கீழக்கரையில் முத்தும் சங்கும் பேசிய வாக்காளரும், அருப்புக்கோட்டையில் தறி நெய்த வாக்காளரும் ஒருவரையே தேர்ந்தெடுத்தனர். (1977இல் எம்.ஜி.ஆர். சட்டமன்றத்திற்கு வென்று முதலமைச்சரானதும் அந்த அருப்புக்கோட்டையிலிருந்துதான்.) மறுபுறம், தொண்டி சிவகங்கைக்கும், கோட்டைப்பட்டினமும் மீமிசலும் அடங்கிய அறந்தாங்கி புதுக்கோட்டைக்கும் உரியவையாய் இருந்தன. ஒரே கடல், ஒரே வலை, பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். ஆனால் பாராளுமன்றத்திற்கு மூன்று தொகுதிகள்.

2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறை இதனை மாற்றியது. கடலாடி சட்டமன்றத் தொகுதி மறைந்தது. மானாமதுரை சிவகங்கைக்குச் சென்றது, அருப்புக்கோட்டையும் பிரிந்தது. திருவாடானையும் அறந்தாங்கியும் திருச்சுழியும் வந்து சேர்ந்தன. புதுக்கோட்டை என்னும் பாராளுமன்றத் தொகுதியே இல்லாமற்போனது. அவ்வூரார் அடைந்த வருத்தம் பெரிது. நமக்கோ, பாக் நீரிணையின் கரையும் மன்னார் வளைகுடாவின் கரையும் நீண்டதொரு தொகுதிக்குள் அடங்கின. 2014க்குப் பிந்தைய வெற்றிகளுக்கு நாம் எத்தனையோ காரணங்களைச் சொல்கிறோம்; வரைபடத்தில் நடந்த இம்மாற்றத்தைச் சொல்வோர் அரிது.

புதிய எல்லையில் நடந்த முதல் தேர்தலில், 2009இல், தி.மு.க. சார்பில் நடிகர் ஜே.கே. ரித்தீஷ் வென்றார். அத்தேர்தலில் பாரதீய ஜனதா வேட்பாளராக நின்ற சு. திருநாவுக்கரசர், 2014இல் இதே தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார் என்பதைப் புன்னகையுடன் குறித்துக்கொள்ளலாம். 2014இல் தி.மு.க., அ.தி.மு.க. ஆகிய இரு பெரும் கட்சிகளுமே முஸ்லிம் வேட்பாளரை நிறுத்தின. அ.தி.மு.க.வின் அன்வர் ராஜா 4,05,945 வாக்குகளும், தி.மு.க.வின் முகமது ஜலீல் 2,86,621 வாக்குகளும் பெற்றனர். வாக்குகள் சிதறிவிடும் என்று அஞ்சியோர் அன்று பலர். முதலிரண்டு இடங்களையும் முஸ்லிம் வேட்பாளர்களே பெற்றதைக் கண்டபின் அவ்வச்சம் வீண் என்றாயிற்று. முத்தலாக் மசோதாவை எதிர்த்து மக்களவையில் அன்வர் ராஜா பேசியது, அவருடைய கட்சியைச் சாராதோராலும் பாராட்டப்பட்டது.

2019இல் தி.மு.க. அணியில் முஸ்லிம் லீகின் ஏணிச் சின்னத்தில் நின்ற கே. நவாஸ்கனி 4,69,943 வாக்குகள் பெற்று, பாரதீய ஜனதாவின் நயினார் நாகேந்திரனை 1,27,122 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 52 ஆண்டுகளுக்குப் பின் லீகிற்கு இத்தொகுதி மீண்டும் கிட்டியது. 2024இல் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் பாரதீய ஜனதா அணியின் ஆதரவுடன் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயருடைய மேலும் ஐவரும் மனுத் தாக்கல் செய்து வாக்காளரைத் திகைக்க வைத்தனர். நவாஸ்கனி பெற்றவை 5,09,664. பன்னீர்செல்வம் பெற்றவை 3,42,882.

இவ்வெண்களைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இராமநாதபுரம் மாவட்ட மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 15 சதவீதத்திற்குச் சற்று அதிகம். தொகுதியின் வாக்காளர் 2024இல் சுமார் 16 லட்சம். நமது வாக்காளர் ஒருவர் விடாமல் சென்று வாக்களித்திருந்தாலும் ஐந்து லட்சத்தைத் தொட இயலாது. எஞ்சியவை பரமக்குடிப் பக்கத்து உழவரும், திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டுக் குடியானவரும், பாம்பன் மீனவரும் அளித்தவை. 1971இல் நாம் அளித்ததை அவர்கள் திருப்பி அளித்தனர் என்றும் கொள்ளலாம்.

நமது வாக்குகளோ முழுமையாக விழுவதில்லை. பிழைப்பிற்காக வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் ஆண்கள் நமது ஊர்களில் ஏராளம். வாக்குச் சாவடியில் பெண்கள் வரிசை தெருமுனை வரை நீள, ஆண்கள் வரிசை அரை மணியில் தீர்ந்துவிடுவதை ஒவ்வொரு தேர்தலிலும் காண்கிறோம். அவ்வகையில் நம் கரையின் தீர்ப்பை எழுதுவோர் பெரும்பாலும் பெண்களே. 2010ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ வழியாகத் தம் சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் சேர்க்க வழி செய்தது. ஆயினும் வாக்களிக்க நேரில் வரவேண்டும், கடவுச்சீட்டைக் காட்டவேண்டும். பயணச் சீட்டின் விலையை எண்ணி எத்தனை பேர் வருவர்?

2025 நவம்பரில் தமிழகத்தில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் இக்குறையைக் கூர்மையாக்கியது. வீடு வீடாகப் படிவம் வந்தபோது குடும்பத் தலைவர் துபாயிலோ கோலாலம்பூரிலோ இருந்த இல்லங்களில், முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் உள்ளது என்று தேட வேண்டியிருந்தது. பழைய பட்டியல்களில் நம்மவர் பெயர்கள் எழுதப்பட்ட விதமும் அத்தேடலை எளிதாக்கவில்லை. "முகமது", "முஹம்மது", "மொகமது" என ஒருவரே மூவராவார். தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இராது. நிக்காஹ் பதிவேட்டிலும் முஹல்லா சந்தாப் பதிவேட்டிலும் உள்ள எழுத்தும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்தும் ஒத்திருப்பதும் அரிது. டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வெளிவந்தது. பெயர் விடுபட்டோர், உரிய சான்றுகளுடன் படிவம் 6ஐப் பூர்த்தி செய்து வாக்குச் சாவடி நிலை அலுவலரிடம் அளிக்கலாம். முஹல்லா வாரியாகப் பட்டியலைச் சரிபார்க்கும்போது, வெளிநாடு சென்றோர் பெயரையும் மணமாகி வேற்றூர் சென்ற பெண்கள் பெயரையும் தனித்தனியே குறித்துக்கொண்டால் வேலை பாதியாகும்.