சின்னமனூர்ச் செப்பேடுகள்



தேனியிலிருந்து கம்பத்திற்குச் செல்லும் பெருவழியில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைக்கும் இடையே அகன்று கிடக்கும் பள்ளத்தாக்கில், சின்னமனூர் என்னும் ஊர் இருக்கிறது. நெல்வயலும் வாழைத்தோட்டமும் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் சூழ்ந்த உழவர் ஊர் அது. அவ்வழியே செல்வோரிற் பலர் மேகமலைக்கு ஏறும் பாதை எங்கே பிரிகிறது என்று கேட்பார்கள். ஊரின் பழமையைப் பற்றிக் கேட்போர் சிலரே. ஆயினும் பாண்டியர் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் இவ்வூரின் பெயரைச் சொல்லாமல் எழுத முடியாது. ஏன் என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இப்பள்ளத்தாக்குப் பகுதி பண்டைக் காலத்தில் அளநாடு எனப்பட்டது. சின்னமனூருக்கு அந்நாளில் வழங்கிய பெயர் அரிகேசரிநல்லூர். அரிகேசரி என்பது பாண்டிய மன்னர் பூண்ட பட்டங்களுள் ஒன்று. இவ்வூரிற் கிடைத்த செப்பேடுகள் பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, சிறிய சின்னமனூர்ச் செப்பேடு என்று இருவகையாக வழங்குகின்றன. எச். கிருஷ்ண சாஸ்திரியார் இவற்றைத் தென்னிந்தியச் சாசனங்களின் மூன்றாம் தொகுதியில் ஆராய்ந்து பதிப்பித்தார். பெரிய செப்பேட்டை அளித்தவன் இரண்டாம் இராசசிம்மன். காலம் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இச்செப்பேட்டின் நோக்கம் எளியது. நற்செய்கைபுத்தூர் என்ற ஊரை மந்தரகௌரவமங்கலம் என்று பெயர் மாற்றி, வேதம் வல்ல அந்தணர் ஒருவருக்கு அரசன் தானமாக அளித்ததைப் பதிவு செய்வதே அது. இக்கால வழக்கிற் சொன்னால், ஒரு நிலப் பத்திரம். ஆனால் கொடுப்பவன் இன்னான் என்று சொல்லத் தொடங்கிய சாசனப் புலவர், பாண்டிய குலத்தின் முன்னோர் செய்த அருஞ்செயல்களை வரிசையாக அடுக்குகிறார். தலையாலங்கானத்துப் போர் அதில் வருகிறது. மாபாரதத்தைத் தமிழிற் செய்வித்ததும், மதுரையிற் சங்கம் நிறுவியதும் அதில் வருகின்றன.

இந்தக் கடைசிச் செய்தியே சின்னமனூரைப் புகழ்பெறச் செய்தது. சங்கம் இருந்ததா, இல்லையா என்ற வழக்கு நீண்ட காலமாக அறிஞரிடையே நடந்து வருகிறது. முச்சங்கக் கதையை விரிவாகக் கூறுவது இறையனார் களவியல் உரை. அதிற் காணும் ஆண்டுக் கணக்குகள் நம்புதற்கு அரியவை என்று தள்ளுவோர் உண்டு. அவர்களுக்கு எதிரே சின்னமனூர்ச் செப்பேட்டை நீட்டி, "இதோ சான்று!" என்று முழங்குவோரும் உண்டு.

நான் இரு சாராரையும் சற்றுப் பொறுக்கச் சொல்வேன். ஒரு பத்திரம் எதை மெய்ப்பிக்கும், எதை மெய்ப்பிக்காது என்பதை அறிந்தே அதைக் கையில் எடுக்க வேண்டும். செப்பேடு சங்கம் நிறுவிய அரசனின் பெயரைச் சொல்லவில்லை. மூன்று சங்கங்களைப் பற்றியும் பேசவில்லை. சங்கப் பாடல்கள் தோன்றிப் பல நூற்றாண்டுகள் சென்ற பின்பு எழுதப்பட்டது அது. ஆகவே அதைக் கண்ணாற் கண்டவரின் வாக்குமூலமாகக் கொள்ளுதல் பிழை. ஆயினும் அதை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்குதலும் பிழையே. தமிழ்ப் புலவர் கூடிய அவை ஒன்றை முன்னோர் மதுரையில் நிறுவினர் என்பதைப் போர்வெற்றிக்கு நிகரான பெருமையாக, ஓர் அரசு தன் அதிகாரப் பத்திரத்திலேயே எழுதி வைத்தது. அந்த நினைவு அரண்மனையில் உயிரோடு இருந்தது என்பது உறுதி. அந்த அளவிற்கு இச்சான்று போதும். அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.

இனி, இதை எழுதுவித்த அரசனின் கதையைக் கேளுங்கள். நெய்ப்பூரில் தஞ்சை மன்னனை வென்றதாகவும், கொடும்பாளூரிற் பொருததாகவும் இராசசிம்மனைச் செப்பேடு புகழ்கிறது. காலமோ வேறு விதமாகத் திரும்பியது. சோழன் முதற் பராந்தகன் மதுரையைக் கைப்பற்றினான். இலங்கை மன்னன் படை அனுப்பி உதவியும், வெள்ளூர்ப் போரில் பாண்டியன் தோற்றான். முடியையும் குலச் சின்னங்களையும் எடுத்துக்கொண்டு ஈழம் சென்றான். அங்கே அவற்றை விட்டுவிட்டுத் தன் தாய் பிறந்த சேர நாட்டிற்குப் போய்விட்டான். அம்முடியைப் பராந்தகன் கேட்டும் பெற முடியவில்லை. ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து முதல் இராசேந்திரனே அதை ஈழத்திலிருந்து கவர்ந்து வந்தான். பாண்டிய நாட்டிற் சோழர் ஆட்சி நிலைத்தபின் வட்டெழுத்தும் மெல்ல வழக்கொழிந்தது.

இராசசிம்மன் அரிதின் முயன்று காக்க நினைத்த முடி இன்று எங்கே? யாரும் அறியார். அவன் ஒரு சிற்றூரைத் தானம் செய்து கொடுத்த செப்பேடோ நம்மிடம் இருக்கிறது. பொன்முடியைக் கவரப் பேரரசர்கள் போட்டியிட்டார்கள். நிலப் பத்திரத்தைக் கவர எவரும் வரவில்லை. நிலத்தின் உரிமைக்கு அது வேண்டியிருந்ததால் உரியவர்கள் அதைப் பேணிக் காத்தார்கள். அந்தப் பேணுதலால், ஒட்டிக்கொண்டு வந்த பாண்டியர் வரலாறும் பிழைத்தது.

இதே பள்ளத்தாக்கின் வாழ்வை மாற்றிய இன்னொரு பத்திரமும் உண்டு. 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே, 999 ஆண்டுகளுக்கு ஒரு குத்தகை ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதன் பயனாகப் பென்னிகுயிக் என்ற பொறியாளரின் தலைமையில் பெரியாற்றின் குறுக்கே அணை எழுந்தது. 1895இல் அது திறக்கப்பட்டபோது, மேற்கே ஓடிக் கடலிற் கலந்துகொண்டிருந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது அந்நீராலேதான். குத்தகையின் காலத்தையும் தொகையையும் இங்குள்ள உழவர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதில் அவர்களுடைய சோறு இருக்கிறது.

சின்னமனூரில் வரப்போரம் நின்றிருந்த பெரியவர் ஒருவரிடம் செப்பேட்டைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அந்தப் பட்டயத்திலே நம்ம ஊர் வாய்க்காலைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார். எனக்கு முதலிற் சிரிப்பு வந்தது. பிறகு அதுவே சரியான கேள்வி என்று பட்டது. அரசர் புகழைப் படிக்கும் நாம் அத்தோடு ஏட்டை மூடிவிடுகிறோம். அதன் பிற்பகுதியில் இருப்பது ஊரும் எல்லையும் நிலமும் உரிமையும். பழைய சாசனங்களில் உழவன் வாழ்வு ஒளிந்திருக்கும் இடம் அதுவே.

நம் கோயிற் சுவர்களிலும் இத்தகைய பத்திரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சுண்ணாம்பு பூசியும், திருப்பணி என்ற பெயரில் மணலை வீசித் தேய்த்தும் அழித்தவை எத்தனையோ! கல்லிற் போனது திரும்பாது. உங்கள் ஊர்க் கோயிலுக்கு அடுத்த முறை செல்லும்போது, வணங்கியபின் ஒரு முறை சுவரையும் பாருங்கள். எழுத்து இருந்தால், அதைப் படிக்கத் தெரிந்தவருக்குச் சொல்லுங்கள். அரிகேசரிநல்லூர் மக்கள் செப்பேட்டைக் காத்துக் கொடுத்தபோது, அதிற் சங்கத்தின் நினைவு இருப்பதை அறிந்தா காத்தார்கள்? தங்கள் ஊரின் எழுத்து என்று காத்தார்கள். நமக்கும் அந்த ஒரு காரணம் போதும்.